லெவோஃப்ளாக்ஸாசினும் இரண்டு குதிகால்களும்: ஒரு கைத்தறி நெசவாளரின் நிகழ்வு ஆய்வு

குதிகால் வலி என்று வருகிறவரிடம் செருப்பைப் பற்றிக் கேட்கிறோம், உடல் எடையைப் பற்றிக் கேட்கிறோம், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறோம். "போன இரண்டு மூன்று மாதத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும் பழக்கம் எங்கள் இயன்முறை மருத்துவத்தில் இன்னும் பரவலாக வரவில்லை. வர வேண்டும் என்பதற்காகவே இந்த நிகழ்வை முழுதாக எழுதுகிறேன். நோயாளி எழுதச் சம்மதித்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயாளி

அறுபதைத் தாண்டியவர். சென்னிமலைப் பக்கம் கைத்தறியில் போர்வை நெய்கிறார். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, கொழுப்புக்கான மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. பல வருடமாக ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் கையில் இருந்தும் மூச்சு முட்டும்போது மட்டும் எடுத்துக்கொள்வார். குதிகாலிலோ கெண்டைக்காலிலோ அதற்கு முன் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழித்தறியில் நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி அழுத்துவார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் கணுக்கால் மடங்கி நீளும், கெண்டைக்கால் தசை இழுத்து விடும். அந்த இழுப்பு முழுவதையும் குதி எலும்புக்குக் கொண்டுபோவது குதிகால் தசைநாண்தான். நம் உடம்பிலேயே தடிமனான தசைநாண் அது. காலை முதல் மாலை வரை இதுவே வேலை, கூலி நெய்த அளவுக்கு.

நடந்தது

மார்கழிக் குளிரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மஞ்சள் சளி, இளைப்பு. பார்த்த மருத்துவர் லெவோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 500 மி.கி. தினம் ஒன்று என ஏழு நாளைக்கும், இளைப்புக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் வாக்கில் இரண்டு கெண்டைக்காலின் பின்புறமும் ஓர் இழுப்பு தொடங்கியது. சில நாள் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மாத்திரை முடிந்தும் இருமல் முழுதாக நிற்கவில்லை. காலி அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மருந்துக்கடைக்குப் போனார். சீட்டு எதுவும் கேட்காமல் அதே இரண்டு மாத்திரைகளையும் மறுபடி கொடுத்தார்கள். இரண்டாவது சுற்றின் நடுவில் ஒரு நாள் காலையில் எழுந்து காலை ஊன்றினார், வலது குதிகாலுக்கு மேலே சுரீரென்றது. அன்றைக்கே இடதிலும் லேசாக வலி. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டார், வீக்கம் கூடியது. பிறகு ஓரிடத்தில், குதிகாலிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஊசிக்கு முன் இன்னோர் இடத்தில் காட்டிவிடலாம் என்று மகள் என்னிடம் கூட்டிவந்தார். தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது.

"அம்மிணி, காலைல எந்திரிச்சு நின்னா பின்னாடி நரம்பு அறுந்து போறாப்பல இருக்குதுங்க. நாலு எட்டு வெச்சாக் கொஞ்சம் தேவலை. சாயங்காலம் மறுக்காப் புடிச்சுக்குது" என்றார்.

பரிசோதனை

மகளின் தோளைப் பிடித்து, குதிகாலைத் தரையில் பட விடாமல் முன்பாதத்தில் நடந்துவந்தார். வலது தசைநாணில் குதி எலும்புக்கு நாலைந்து செ.மீ. மேலே கதிர் வடிவத்தில் ஒரு தடிப்பு, தொட்டால் சூடு. இரு விரலால் லேசாகப் பிடித்தாலே முகம் சுளித்தார். இடதில் தடிப்பு குறைவு, ஆனால் வலி அதே இடத்தில். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னபோது இடது பாதி உயர்ந்தது, வலது கொஞ்சமும் உயரவில்லை.

குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்து பார்த்தேன். பிசையும்போது பாதம் கீழ்நோக்கி அசைந்தால் தசைநாண் முழுதாக அறுந்துவிடவில்லை என்று பொருள். இரண்டு பாதமும் அசைந்தன. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, கருவியும் வேண்டாம். குதிகால் வலி என்று வரும் ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தசைநாண் அறுந்த பிறகும் சிலர் மற்ற தசைகளின் உதவியால் நொண்டி நொண்டி நடந்துகொண்டிருப்பார்கள், அதனால் நடக்கிறார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தொடக்கத்தில் என் மனத்தில் இருந்த பட்டியலில் மருந்தைத் தவிர வேறு காரணங்களும் இருந்தன. கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் இருந்ததால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று முதலில் பார்த்தாக வேண்டும், அது உயிர் விஷயம். டாப்ளர் ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. கவுட் எனும் மூட்டுநோயைக் காட்டித்தரும் யூரிக் அமிலமும் சரியான அளவில் இருந்தது. முதுகு விறைப்பு, கண் சிவப்பு, தோல் செதில் போன்ற அழற்சி மூட்டுநோயின் அடையாளங்கள் இல்லை. அல்ட்ராசவுண்டில் இரண்டு தசைநாணும் தடித்திருந்தன, வலதில் ஒரு சிறிய பகுதிக் கிழிசலும் தெரிந்தது. சிறுநீரகச் செயல்பாடு அவர் வயதுக்கு எதிர்பார்க்கக்கூடிய அளவில் கொஞ்சம் குறைந்திருந்தது. லெவோஃப்ளாக்ஸாசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது என்பதால் இந்தத் தகவல் முக்கியம்.

வேலைப்பளுவால் வந்ததாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தறி மிதித்தவருக்கு, ஓய்வெடுத்த வாரத்தில், இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் ஏன் வர வேண்டும்? மகள் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவரில் இருந்த அட்டைகளைப் பார்த்ததும் தேதிகளை வரிசைப்படுத்தினேன். முதல் சுற்றின் ஐந்தாம் நாள் இழுப்பு, மாத்திரை இல்லாத இடைவெளியில் கொஞ்சம் தணிவு, இரண்டாம் சுற்றில் கடும் வலி. யாரும் திட்டமிடாமலே மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்த சோதனைபோல அது ஆகிவிட்டிருந்தது. மருந்து எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் முழுதாகக் கேட்டார், உடனே ஒப்புக்கொண்டார், மிச்சமிருந்த மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். பக்கவிளைவுக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பை எடைபோடும் நாரன்ஜோ அளவுகோலில், தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்ற படியில் இந்த நிகழ்வு வந்தது. தறி வேலையும் பிரெட்னிசோலோனும் பக்கத்திலேயே இருந்ததால், உறுதி என்ற படிக்குக் கொண்டுபோக நான் விரும்பவில்லை.

இந்த மருந்துக்கும் தசைநாணுக்கும் என்ன பகை

சிப்ரோஃப்ளாக்ஸாசின், ஆஃப்ளாக்ஸாசின், நார்ஃப்ளாக்ஸாசின், லெவோஃப்ளாக்ஸாசின், மாக்ஸிஃப்ளாக்ஸாசின் எல்லாம் ஒரே குடும்பம், ஃப்ளோரோகுவினோலோன்கள். பெயரின் வால் 'ஃப்ளாக்ஸாசின்' என்று முடிந்தால் இந்தக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கத் தேவையான நொதிகளை முடக்கி அதைக் கொல்கின்றன. சிறுநீர்த்தொற்று, வயிற்றுப்போக்கு, நெஞ்சுச் சளி என்று நம் ஊரில் இவற்றை எழுதாத நாள் இருக்காது.

நார்ஃப்ளாக்ஸாசின் எடுத்தவருக்குக் குதிகால் தசைநாண் அழற்சி வந்ததாக நியூசிலாந்திலிருந்து முதல் குறிப்பு வெளியானது 1983இல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் குடும்பம் முழுவதற்கும் தசைநாண் அழற்சி, தசைநாண் அறுதல் பற்றிய கறுப்புக் கட்ட எச்சரிக்கையை, அதாவது அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, கட்டாயமாக்கியது 2008இல். நடுவில் இருபத்தைந்து வருடம். 2016இல் அதே அமைப்பு, சாதாரண சைனஸ் தொற்று, மூச்சுக்குழல் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த்தொற்று ஆகியவற்றுக்கு வேறு வழி இருந்தால் இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் கட்டுப்பாடுகளை இறுக்கியது. பிரிட்டன் 2024 ஜனவரியில், வழக்கமாகப் பரிந்துரைக்கும் மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் பொருந்தாதபோது மட்டுமே இவற்றைக் கொடுக்கலாம் என்ற அளவுக்குப் போய்விட்டது.

பிரிட்டனின் பொதுமருத்துவர்களிடமிருந்து திரட்டிய பதிவுகளை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வின் எண்களை எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குதிகால் தசைநாண் கோளாறு வரும் வாய்ப்பு 3.2 மடங்காக இருந்தது. அதே வயதினர் ஸ்டீராய்டும் சேர்த்து எடுத்தபோது 6.2 மடங்கு. 60க்குக் கீழே இருந்தவர்களிடம் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. எங்கள் நெசவாளர் அந்த 6.2 மடங்குக் கூட்டத்தில் நேராகப் போய் நிற்கிறார். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் இதே ஆபத்து வரிசையில் இருக்கிறார்கள். அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும்: மாத்திரை எடுக்கும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மடங்கு பெரிது, அடிப்படை எண்ணிக்கை சிறிது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. ஆய்வகத்தில், இந்த மருந்து பட்ட தசைநாண் செல்கள், தசைநாணுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனைக் குறைவாக உருவாக்குகின்றன. கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் கூடுகின்றன. மெக்னீசியத்தை இந்த மருந்து பற்றிக்கொள்கிறது, செல்லின் ஆற்றல் உற்பத்தியும் பாதிக்கப்படுகிறது. ஸ்டீராய்டும் தன் பங்குக்குக் கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கும். குதிகால் தசைநாணில், எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே இருக்கும் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, சிதைவைச் சீராக்க வருகிற சரக்கும் அங்கே குறைவு. அறிக்கையான நிகழ்வுகளில் பத்தில் ஒன்பது இந்தத் தசைநாணில்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் வருகிறது. தோள், கை விரல், முழங்காலிலும் வரலாம். மாத்திரை தொடங்கி இரண்டு நாளுக்குள் வருவதும் உண்டு, நிறுத்திச் சில மாதம் கழித்து வருவதும் உண்டு. "அந்த மாத்திரை முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதே" என்பது அதனாலேயே சரியான பதிலாகாது.

முதல் வாரங்கள்: சுமையை இறக்குதல்

வலது காலுக்குக் கணுக்காலை அசையவிடாத பூட்ஸ், அதற்குள் குதிகால் உயரப் பட்டை. இடது காலுக்குச் செருப்பிலேயே ரப்பர் பட்டை. குதிகால் உயர்ந்தால் தசைநாண் கொஞ்சம் தளர்ந்து நிற்கும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றேன். கையில் ஒரு தடி. நீவுவதை அறவே நிறுத்தினோம். வலி தாங்காதபோது துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம்.

வலி மாத்திரை விஷயத்தில் மருத்துவர் பாராசிட்டமாலோடு நின்றுவிட்டார். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இளைப்பைத் தூண்டும், சிறுநீரகத்துக்கும் சுமை. ஃப்ளோரோகுவினோலோனோடு சேர்ந்தால் வலிப்பு வரும் ஆபத்தும் கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. குதிகால் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம் என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னோம். ஏற்கெனவே நைந்திருக்கும் தசைநாணில் அந்த ஊசி அறுதலுக்கு வழி செய்துவிடலாம். வாய்வழி பிரெட்னிசோலோனை மருத்துவரே கணக்குப் பார்த்து நிறுத்தினார். 'ஸ்டீராய்டு ஆகாது' என்று கேட்டதும் வீட்டில் இன்ஹேலரையும் நிறுத்திவிட்டார்கள். அதை மறுபடி ஆரம்பிக்கவைக்கக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. இன்ஹேலரில் போகும் அளவு மிகச் சிறியது, அதை விட்டால் இளைப்பு வரும், இளைப்பு வந்தால் மறுபடி மாத்திரை ஸ்டீராய்டு. ஒழுங்காக இன்ஹேலர் எடுப்பதும் தசைநாணைக் காப்பாற்றும் வழிதான் என்று சொன்னபோது ஒத்துக்கொண்டார்.

எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தராத ஒன்று, கழிப்பறை. அவர் வீட்டில் இருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை. குந்தும்போது கணுக்கால் முழுதாக மடங்கி, குதிகால் தசைநாண் அதன் எல்லை வரை இழுபடும். எழும்போது உடம்பின் எடையும் அதில் ஏறும். பகலெல்லாம் பூட்ஸ் போட்டுக் காத்ததை அதிகாலையில் ஐந்து நிமிடத்தில் கெடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி அதன்மேல் போட்டார்கள். காலை வலி அதற்குப் பிறகுதான் குறையத் தொடங்கியது. மொபெட்டை உதைத்துக் கிளப்புவதும் வலது காலுக்கு இதே தண்டனை. சாவியை மகள் வாங்கி வைத்துக்கொண்டார்.

எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வு, உடனே கன்றிப் போவது, காலை ஊன்ற முடியாமல் போவது. இவை அறுதலின் அடையாளங்கள். அதோடு பாதத்தில் எரிச்சலோ மரத்துப் போவதோ வந்தாலும் சொல்லச் சொன்னேன். இந்தக் குடும்ப மருந்துகள் நரம்பையும் பாதிக்கலாம். அவருக்கு அது இல்லை.

பயம்

இரண்டாம் வாரம் வந்தபோது வலியைவிடப் பயம் பெரிதாகிவிட்டிருந்தது. வெளியூரில் இருக்கும் மகன் இணையத்தில் தேடி, வருடக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களின் கதைகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தார். "இனி தறியே இல்லீங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கதைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. நீண்டகாலம் நீடிக்கும், முடக்கிப் போடும் பாதிப்பு அரிதாக உண்டு என்பதை ஐரோப்பிய முகமையே ஏற்றிருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களை 'மனப்பிரமை' என்று தள்ளிவிட்ட மருத்துவர்கள் செய்தது பெரிய அநீதி. ஆனால் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். தேறியவர்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை. அவருக்கு மருந்து நின்றுவிட்டது, தசைநாண் அறுபடவில்லை, வலியின் காரணம் புரிந்துவிட்டது. இந்த மூன்றும் அவர் பக்கம் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

மகனிடம் தனியாகப் பேசினேன். மெக்னீசியம் மாத்திரை, நரம்பு வழி வைட்டமின், ரத்தத்தட்டு ஊசி, ஸ்டெம் செல் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். மெக்னீசியம் யோசனைக்கு ஆய்வகத்தில் அடிப்படை உண்டு, அது குறைந்த விலங்குகளில் பாதிப்பு அதிகம் தெரிந்திருக்கிறது. ஆனால் வலி வந்த மனிதருக்கு அதைக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்பதற்குச் சான்று கிடையாது. சிறுநீரகம் குறைந்தவருக்குக் கேட்காமல் கொடுக்கவும் கூடாது. கீரை, கடலை, எள், கம்பு, கேழ்வரகு சாப்பிடட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். மற்றவற்றுக்கு ஆகும் பணம் ஒரு நெசவுக் குடும்பத்தின் பல மாதக் கூலி. சான்றில்லாத ஒன்றுக்காக அதைக் கரைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

சுமையை ஏற்றுதல்

தசைநாணை முழு ஓய்வில் வைத்தால் அது இன்னும் பலவீனமாகும், அவசரப்பட்டால் அறும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதைதான் சிகிச்சை. அவருக்கு அதைத் தறி வழியாகவே விளக்கினேன். "நைந்த பாவு நூலை முடிச்சுப் போட்டுச் சேர்த்த உடனே முழு இழுப்புக் கொடுப்பீங்களா ஐயா?" என்று கேட்டேன். "எப்படீங்க குடுக்கறது, மெதுவாத்தானுங்க" என்றார். அதன் பிறகு பயிற்சி பற்றி நான் அதிகம் விளக்கவேண்டி வரவில்லை.

குதிகால் தசைநாண் வலிக்கு உலகெங்கும் பெயர்பெற்றது ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்ஸன் 1998இல் வெளியிட்ட முறை. படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, முழங்காலை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை, 15 வீதம் மூன்று சுற்று, தினம் இரண்டு வேளை, 12 வாரம். கூட்டினால் ஒரு நாளைக்கு 180. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஓடி ஓடி வலியெடுத்த விளையாட்டுக்காரர்கள், அதுவும் பதினைந்து பேர். மருந்தால் நைந்த தசைநாணுக்கென்று சோதித்து நிறுவிய அட்டவணை கிடையாது. பகுதிக் கிழிசலோடு இருக்கும் அறுபது வயதுக்காரரிடம் அந்த 180ஐக் கொடுப்பது சரியல்ல என்று முடிவு செய்தேன்.

எனவே, மூன்றாம் வாரம் உட்கார்ந்த நிலையில் ஆரம்பித்தோம். பாதத்தைச் சுவரில் அழுத்தி அசையாமல் பிடிப்பது, பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலை உயர்த்துவது, பிறகு தொடையில் ஒரு மணல் மூட்டையை வைத்துக்கொண்டு அதையே செய்வது. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒன்றரை இரண்டு வாரம். நடுவில் பூட்ஸ் போனது, பட்டை மட்டும் நின்றது. அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எழும்புவது. குதிகாலைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கும் எதையும் பல வாரம் தொடவே இல்லை. கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் தவிர்த்தேன், இந்த வகை வலியில் அது நல்லது செய்து நான் பார்த்ததில்லை.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரே நீதிபதி மறுநாள் காலைதான். பயிற்சியின்போது பத்துக்கு இரண்டு மூன்று அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடிகளில் முந்தைய நாளைவிட விறைப்பு கூடியிருந்தால் அன்று ஒரு படி குறை. கூடவில்லையென்றால் அப்படியே தொடர். அந்தக் காலை வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் ஓர் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதச் சொன்னேன். தவறாமல் எழுதினார்.

பங்குனி உத்திரம்

காலண்டரில் எண்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் வந்திருந்த நேரத்தில் பங்குனி உத்திரம் வந்தது. சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படிகள். வண்டி போகும் சாலையும் உண்டு. ஆனால் உடம்பு தேறினால் படியேறி வருவதாக வேண்டியிருந்தார், ஏறிவிட்டார். ஏறியபோது அவ்வளவு தெரியவில்லை. இறங்கும்போது, உடம்பின் எடையைப் பின்காலின் தசைகளும் தசைநாணும்தான் மெதுவாக இறக்கிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. மறுநாள் காலண்டரில் ஏழு.

பிசைந்து பார்க்கும் சோதனையை மறுபடி செய்தேன், பாதம் அசைந்தது. ஸ்கேனிலும் கிழிசல் பெரிதாகவில்லை. மறுபடி தடி, மறுபடி உயரப் பட்டை, பயிற்சியில் இரண்டு படி கீழே. அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை. வேண்டுதலை நிறைவேற்றிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது, அதற்கும் மதிப்பு இருக்கிறது. இந்த முறை பழைய நிலைக்கு வர முதல் தடவையைவிடக் குறைந்த காலமே ஆயிற்று. வலி திரும்பினால் எல்லாம் பாழ் என்ற எண்ணம் அவரிடமிருந்து அத்தோடு போய்விட்டது. அடுத்த ஏற்ற இறக்கங்களில் அது பெரிய துணையாக இருந்தது.

தறிக்குத் திரும்புதல்

ஆடி வாக்கில் தறியில் உட்கார அனுமதித்தேன். அதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய்க் குழியைப் பார்த்தேன். குதிகால் பட்டை வைத்த செருப்போடு மிதிக்கலாமே என்றேன். தறியில் செருப்புக் காலை வைக்க அவர் ஒப்பவில்லை, தறி அவருக்குச் சாமி. அதனால் குழியின் தரையில், குதிகால் ஊன்றும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டோம். குதிகால் உயர்ந்தது, மிதிக்கும்போது கணுக்கால் மடங்கும் அளவு குறைந்தது. மிதியின் கயிற்றையும் கொஞ்சம் சுருக்கிக் கட்டினார். முதலில் காலையில் ஒரு மணி நேரம், அப்புறம் இடைவெளி, மறுநாள் காலை எண் என்ன என்று பார்த்து அடுத்த முடிவு. மற்ற நேரத்துக்கு மனைவியே தறியில் உட்கார்ந்தார். கூலி குறைந்ததுதான், ஆனால் அறவே நிற்கவில்லை.

மருந்துச் சீட்டும் பதிவும்

மருத்துவர் அவருடைய கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் "ஃப்ளோரோகுவினோலோன் கொடுக்கக் கூடாது" என்று எழுதிவிட்டார். ஒரு சிறிய அட்டையில் இந்தக் குடும்பத்தின் மருந்துப் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இன்ஹேலர் உறையிலேயே செருகி வைத்திருக்கிறோம். கடையில் கம்பெனிப் பெயரைத்தான் சொல்வார்கள், அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படிக்க மகளுக்குப் பழக்கினோம். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி சளிக்காய்ச்சல் வந்தபோது மருத்துவர் வேறு குடும்பத்து மருந்து கொடுத்தார், குணமாயிற்று.

லெவோஃப்ளாக்ஸாசின் நம் நாட்டில் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் எழுதியவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த விதி அன்றைக்குப் பின்பற்றப்பட்டிருந்தால் இரண்டாம் சுற்று நடந்திருக்காது, கெண்டைக்கால் இழுப்போடு எல்லாம் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. இதில் எனக்குக் கோபம் இருக்கிறது. காலி அட்டையைக் காட்டி மருந்து வாங்கும் வழக்கத்துக்குக் காசநோய் சார்ந்த இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்த மருந்துகள் காசநோய்க் கிருமியையும் பாதியளவு அடக்கிவைக்கும், அதனால் நாள்பட்ட இருமலின் உண்மையான காரணம் தள்ளித் தெரியவரும்.

ஆனால் மருந்துக்கு எதிர்ப்பு காட்டும் காசநோய்க்கு லெவோஃப்ளாக்ஸாசினோ மாக்ஸிஃப்ளாக்ஸாசினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. குதிகாலில் வலி வந்தால் அன்றே சிகிச்சை மையத்தில் சொல்லுங்கள், மாற்றுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. மற்றவர்கள் இந்த மாத்திரை எடுக்கும்போது குதிகாலிலோ தோளிலோ புதிதாக வலி வந்தால், அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் காலை ஓய்வில் வையுங்கள், நீவாதீர்கள்.

இந்த நிகழ்வை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பினோம். நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவும் அனுப்பலாம். அதற்கான படிவம் தமிழிலேயே கிடைக்கிறது, கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. எங்கள் நோயாளியின் படிவத்தை மகள்தான் நிரப்பினார். தேதிகளுக்குக் காலண்டர் தாள்கள் போதுமானதாக இருந்தன.

இதை எழுதும்போது அவர் அரை நாள் நெய்கிறார். இடது காலில் ஒற்றையாக நின்று குதிகாலை இருபது தடவைக்கு மேல் உயர்த்த முடிகிறது. வலதில் பத்துக்குப் பிறகு தளர்ந்துவிடுகிறது, தடிப்பும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. அந்த வித்தியாசம் குறையும் வரை முழு நாள் தறி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.